குறட்டை கேட்கும் வீடு

வள்ளியைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஏற்காட்டில் பேக்கரி வைத்திருக்கும் தம்பதி. மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். நான்காவது வாரம் பையும் பிள்ளையுமாகச் சேலத்துக் காப்பக வாசலில் வந்து நின்றார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். ராத்திரி கண்ணத் தொறந்தா எங்க மூக்குக்குக் கீழ வெரல வெச்சுக்கிட்டு நிக்குது. ஒரு நாளுன்னாப் பரவால்லீங்க, தெனமும். என் சம்சாரம் தூங்கியே நாளாச்சு."

சசிரேகா பையை வாங்கிக்கொண்டாள். ஆதரவில்லாத பிள்ளைகளுக்கு வளர்ப்பு வீடு தேடுவதுதான் அவள் வேலை. அந்த வீட்டைப் பார்த்து, தகுதியான வீடு என்று எழுதிக் கொடுத்ததும் அவள்தான். தனி அறை, கழிப்பறை, போலீஸ் சான்று, அக்கம்பக்கத்தார் சொல் எல்லாம் சரியாக இருந்தன. ஏழு வயசுப் பிள்ளை எப்படித் தூங்கும் என்று மட்டும் அவள் யாரிடமும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். எல்லாம் ஃபைலில் இருந்தது. கரடியூர்ப் பக்கத்து எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் வள்ளியும் அவள் அம்மாவும் மட்டும். பொங்கலுக்கு மற்ற குடும்பங்கள் கீழே ஊருக்குப் போயிருந்தபோது, காய்ச்சலில் படுத்த அம்மா படுத்தபடியே போய்விட்டாள். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வந்து கதவைத் தட்டியது இரண்டு நாள் கழித்து. வள்ளிதான் திறந்தாள். "சத்தம் போடாதீங்க, அம்மா தூங்கறாங்க" என்றாளாம்.

அந்த வரியை இரண்டாம் முறை படித்த நாளிலிருந்து, எந்த வீட்டுக் கதவு திறந்தாலும் சசிரேகாவுக்கு அந்தக் குரல்தான் முதலில் கேட்டது.

பள்ளிக்கூடச் சான்றிதழ் வாங்க ஒருநாள் பிள்ளையோடு பஸ்ஸில் மலைக்குப் போனாள். அடிவாரத்தில் ஏறிய ஒரு பெரியவர் முன்சீட்டில் உட்கார்ந்ததும் குறட்டை விட ஆரம்பித்தார். பஸ் உறுமலையும் மீறிய குறட்டை. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். வள்ளி சிரிக்கவில்லை. கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நாலைந்து வளைவு தாண்டியதும் சசிரேகாவின் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள். காப்பகத்தில் பகலில் கண் மூடாத பிள்ளை. ஏற்காடு வந்து பெரியவர் எழுந்த மறுநொடி, யாரோ தட்டியது போலக் கண் விழித்தாள்.

அதன் பிறகு வீடு பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் சசிரேகா படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்றைக் கேட்டாள். "ஊட்ல யாருக்காச்சும் குறட்டை உண்டுங்களா?"

முதல் வீட்டில் சிரித்தார்கள். இரண்டாவது வீட்டில், ஏதோ குற்றம் சொல்லிவிட்டதுபோல, "எங்க ஊட்ல அதெல்லாம் கெடையாதுங்க" என்றார்கள். மூன்றாவது வீடு நாகலூரில். காவேரியும் கந்தசாமியும் எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள். ஒரே மகன் திருப்பூரில் இருந்தான்.

காவேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அத ஏனுங்க கேக்கறீங்க! இவுரு குறட்டைக்குப் பக்கத்து ஊட்டுக்காரங்க செவுத்தத் தட்டுவாங்க." உடனே முகம் வாடிவிட்டது. "அதுக்காவ புள்ளையக் குடுக்க மாட்டீங்களா?"

சசிரேகா பேனாவை மூடி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பேக்கரிக்காரர்கள் பயந்ததையும் மறைக்கவில்லை. "ரெண்டு நாளுங்களா?" என்று காவேரி ஒருதரம் கேட்டாள். பிறகு, "கூட்டியாங்க" என்றாள்.

குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு வந்து, வள்ளி நாகலூர் போனாள். ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சசிரேகா பார்க்கப் போனாள். வெளியே பனிமூட்டம். கூடத்தில் கந்தசாமி பாயில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே வள்ளி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

அடுப்படியில் காவேரி தணிந்த குரலில் சொன்னாள். "போன வாரந்தான் அதப் பத்தி வாயத் தொறந்துச்சுங்க. அவங்கம்மா படுக்கறப்ப, 'நொம்ப அசதியா இருக்குது கண்ணு, நானா எந்திரிக்கிற வரைக்கும் எழுப்பாத'ன்னு சொல்லியிருக்காங்க. சொன்ன பேச்சக் கேட்டுருக்குதுங்க இந்தப் புள்ள."

சசிரேகா தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். எட்டு மாதத்தில் எத்தனை தடவை அந்தப் பிள்ளையோடு பேசியிருப்பாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எங்கள எப்ப வேணா எழுப்பு சாமின்னு சொல்லிட்டேனுங்க."

அப்போது கூடத்தில் குறட்டை நின்றது.

வள்ளியின் பென்சிலும் நின்றது. காவேரி அசையவில்லை. வள்ளி எழுந்தாள், பாயருகில் போனாள், விரலை நீட்டினாள். பாதியில் கையை மடக்கிக்கொண்டு தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாமா. மாமா, எந்திரிங்க."

கந்தசாமி கண்ணைத் திறக்காமலே அவள் கையைத் தேடிப் பிடித்தார்.

"இருக்கறேன் சாமி" என்றார்.