ஆற்றில் விரித்த நீலம்

கோரிப்பாளையத்திலிருந்து ஆற்றைப் பார்த்து இறங்கும் ஒரு சந்தின் கடைசியில் ‘ப்ளூ வைகை’ என்று ஏழு மாடிக் குடியிருப்பு ஒன்று கட்டி முடியும் தறுவாயில் இருந்தது. அதன் விற்பனை அலுவலகத்தில் ஷெரின் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பழங்காநத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். யாரிடமும் சிரித்துப் பேசுவாள். பொய் மட்டும் அவளுக்கு வராது. சொல்ல ஆரம்பித்தாலே காது சிவந்துவிடும். அதற்காகவே தலைமுடியைக் காதை மூடுகிற மாதிரி வாரிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

அவளுடைய மேனேஜர் சூரியபிரகாஷ் சென்னைக்காரர். மதுரைக்கு மாற்றலாகி வந்த முதல் நாளே ஆறாவது மாடியில் இருந்த மாதிரி வீட்டுப் பால்கனிக்குப் போய் நின்றார். வெகுநேரம் பார்த்துவிட்டு, “ஷெரின், ஆறு எங்கே?” என்று கேட்டார்.

“இதுதான் சார்.”

“இது கிரவுண்டு மாதிரில்ல இருக்கு?”

“நடுவுல பச்சையா ஒரு கோடு தெரியுதுல்ல சார், ஆகாயத்தாமரை. அதுக்கு அடியில தண்ணி கெடக்கும்.”

சூரியபிரகாஷ் கையிலிருந்த விளம்பரப் புத்தகத்தைப் பார்த்தார். அதில் ஆறு கரை தொட்டு நீலமாக ஓடியது. ஒரு படகுகூடப் போனது.

ஆடி மாதம் பிறந்தது. ஆடியில் யாரும் வீட்டுக்கு முன்பணம் கட்ட மாட்டார்கள் என்பது தெரிந்தும், தலைமை அலுவலகம் கேட்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வாடிக்கையாளர்களைக் குடும்பத்தோடு வரவழைத்து, ஆறாவது மாடியில் காபி, கேக் கொடுத்து ஆற்றைக் காட்டச் சொல்லி உத்தரவு வந்தது. சூரியபிரகாஷுக்குத் தூக்கம் போயிற்று. அவரை அதிகம் வருத்தியது காய்ந்த மணல்கூட இல்லை. மணல் முழுக்க விரித்துக் கிடந்த வெள்ளைத் துணிகள்தான்.

“பார்க்கிறவங்களுக்கு லாட்ஜ் மொட்டை மாடி மாதிரி இருக்கு. ஒரு நாளைக்கு மட்டும் எடுக்கச் சொல்லு.”

சனிக்கிழமை காலையில் ஷெரின் ஆற்றுக்குள் இறங்கினாள். அங்கே அன்னக்கொடியும் அவள் புருஷன் பேயாண்டியும் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சிம்மக்கல் லாட்ஜுகள், இரண்டு கல்யாண மண்டபம், ஒரு ஆஸ்பத்திரி, அம்புட்டு இடத்து விரிப்பும் இவர்களிடம்தான் சலவைக்கு வரும். குட்டியானை வண்டி ஒன்று சொந்தமாக வைத்திருந்தார்கள்.

ஷெரின் விஷயத்தைச் சொன்னாள். அன்னக்கொடி ஒரு விரிப்பை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

“ஏத்தா, ஞாயித்துக்கெழம காயப்போடாட்டி திங்கக்கெழம லாட்ஜுல வந்து தங்குறவன் எதுல படுப்பான்?”

“எனக்குப் புரியுதுக்கா. வெள்ளையா தெரியுதுன்னு சார் வருத்தப்படுறார்.”

“வெள்ள ஆகாதுன்னா சொல்லு. ஆஸ்பத்திரித் துணி பூராம் நீலந்தான். நாளைக்கு அதத்தேன் போடணும். முந்நூறு இருக்கு. உங்க சாருக்குப் பிடிக்குமான்னு கேட்டுட்டு வா.”

இருவரும் சிரித்தார்கள். ஷெரின் மேலே வந்து அந்தச் சிரிப்போடேயே மேனேஜரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. பால்கனிக்குப் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“முந்நூறா? இடைவெளி விடாம நீளமா விரிக்க முடியுமான்னு கேளு.”

“சார், ஏமாத்துற மாதிரி ஆயிராதா?”

“நாம தண்ணின்னு சொல்லப்போறதில்லையே. துணி காயுது. பார்க்கிறவங்க என்னவா வேணா நினைச்சுக்கட்டும்.”

ஷெரினுக்கு அப்போதே காது சூடானது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பதினோரு குடும்பங்கள் வந்திருந்தன. கீழே பார்த்த ஷெரினுக்கே ஒரு நொடி தண்ணீர் என்றுதான் தோன்றியது. அன்னக்கொடி மனம் வைத்துச் செய்திருந்தாள். கரையோரமாக வளைந்து, நடுவில் அகன்று, பாலத்துப் பக்கம் ஒடுங்கி, நீல விரிப்புகள் ஒன்றை ஒன்று தொட்டுக் கிடந்தன. காற்று லேசாகத் தொட்டபோது அலைகூட அடித்தது. குழந்தைகள் “தண்ணி, தண்ணி” என்று கத்தின. சூரியபிரகாஷ் முதல் முறையாக மதுரையில் சிரித்தார்.

அப்போது மரியராஜ் வந்தார். மிஷன் பள்ளி அலுவலகத்தில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கூடவே மனைவி ஞானம். ஷெரின் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

“நீ நாலாயிரத்து நூத்தி எழுபத்திரண்டுல்ல?” என்றார் மரியராஜ். அவருக்குப் பிள்ளைகளின் பெயர் மறக்கும், சேர்க்கை எண் மறக்காது.

“ஆமா சார், ஷெரின்.”

“நல்லதுமா. எங்களுக்கு ஆடி, ஆவணி ஒண்ணுமில்ல. பிடிச்சா இன்னிக்கே பதிஞ்சிருவேன். ஆத்துல கொக்கு, நாரையெல்லாம் வரும்னு போட்டிருந்துச்சு.” சொல்லிக்கொண்டே கழுத்தில் தொங்கிய பைனாகுலரைத் தூக்கினார்.

ஷெரின் “காபி சாப்பிட்டுட்டுப் பாக்கலாமே சார்” என்றாள். அவர் கேட்கவில்லை.

பைனாகுலரை மெதுவாக நகர்த்திக்கொண்டே, “ஞானம், ஆத்து மேல ஒரு ஆடு நடந்து போகுது” என்றார்.

ஞானம் அம்மாள் எட்டிப் பார்த்தாள். உண்மையிலேயே ஒரு வெள்ளாடு நீலத்தின் நடுவில் நின்றுகொண்டு ஒரு மூலையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதை விரட்டப் பேயாண்டி கம்போடு குறுக்கே ஓடினார். ஆடு ஆற்றின் நீளத்துக்கும் ஓட, பேயாண்டியும் பின்னாலேயே ஓடினார். இரண்டு பேர் காலும் நனையவில்லை.

“பைபிள்ல தண்ணி மேல நடந்த பேதுருகூட ரெண்டு எட்டு வச்சதும் முங்கிட்டாரு. இவரு என்னமா ஓடுறாரு!” என்றாள் ஞானம் அம்மாள்.

சூரியபிரகாஷ் ஓடி வந்தார். “மேடம், அது ஆழம் கம்மியான இடம்.”

“இருங்க தம்பி,” மரியராஜ் பைனாகுலரை எடுக்காமலே சொன்னார். “ஆத்துல ‘வார்டு மூணு’ன்னு எழுதியிருக்கு.”

பால்கனியில் காபிக் கோப்பைகள் அசையாமல் நின்றன. எல்லாரும் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் ஷெரினைப் பார்த்தார். கண்ணாலேயே கெஞ்சினார்.

“அது பெட்ஷீட் சார்,” என்றாள் ஷெரின். “முந்நூறு பெட்ஷீட். ஆஸ்பத்திரியோடது.” சொன்னதும் அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. இனி நிறுத்தத் தோன்றவில்லை. “அணையத் திறந்தா தண்ணி வரும். சித்திரைத் திருவிழாவுக்கு விடுவாங்க. மழை நல்லா பேஞ்சா ஐப்பசி, கார்த்திகையில ரெண்டு கரையும் தொட்டுப் போகும். மத்த நாள்ல இங்க இருந்து பாத்தா எருமை தெரியும், பசங்க கிரிக்கெட் ஆடுறது தெரியும், துணி தெரியும். அந்தப் பக்கம் கோபுரம் தெரியும். அது என்னிக்கும் தெரியும் சார்.”

யாரோ “ச்சே” என்றார்கள். நான்கு குடும்பங்கள் கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் நகர்ந்தன. சூரியபிரகாஷ் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஞானம் அம்மாள்தான் முதலில் சிரித்தாள். குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கீழே காற்று எழும்பியது. ஆடும் பேயாண்டியும் ஓடிய ஓட்டத்தில் விரிப்பின் மேல் வைத்திருந்த கற்கள் எல்லாம் உருண்டுபோயிருந்தன. துணியும் நன்றாகக் காய்ந்திருந்தது. ஆடிக் காற்று ஒரு முனையில் பிடித்துத் தூக்கியதும் ஆறு எழுந்து நின்றது. பிறகு பறந்தது. கருவேலஞ்செடிகளிலும், நின்றிருந்த எருமையின் முதுகிலும், பாலத்துத் தூண்களிலும் போய் ஒட்டிக்கொண்டது. “அய்யோ என் துணி!” என்ற அன்னக்கொடியின் கூப்பாடு ஆறாவது மாடிவரை கேட்டது.

ஷெரின் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கி ஓடினாள். திரும்பிப் பார்த்தால் பின்னால் மரியராஜ் தம்பதி, மிச்சமிருந்த குடும்பங்கள், குழந்தைகள், கடைசியில் பளபளக்கும் ஷூவோடு மேனேஜர். அரை மணி நேரம் எல்லாரும் மணலில் ஓடி ஓடித் துணி பொறுக்கினார்கள். குழந்தைகள் எருமையிடமிருந்து ஒன்றை உருவினார்கள். அன்னக்கொடி நடுவில் நின்று ஆளாளுக்கு வேலை சொன்னாள்.

“சாரே, நீங்க மூலையப் பிடிங்க. அந்த மூலை இல்ல, உங்க மூலை. அப்பிடியே நடந்து அய்யாகிட்ட வாங்க.”

சூரியபிரகாஷ் ஒரு நுனி, மரியராஜ் மறு நுனி. விரிப்பை மடிக்க ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வர வேண்டியிருந்தது. மூன்றாவது விரிப்பில் மூக்குக்கு நேராக முகம் வந்தபோது மேனேஜர், “மன்னிச்சுக்குங்க சார்” என்றார்.

“அது கெடக்கட்டும். நீங்க முன்னாடியே அனுப்பின ஒப்பந்தத்துல பதினாலாவது விதி, பால்கனியில துணி காயப்போடக் கூடாதுன்னு இருக்கே, அது எதுக்கு?”

“வெளிய இருந்து பார்க்க நல்லா இருக்காதுன்னு, சார்.”

பக்கத்தில் ஷெரினோடு மடித்துக்கொண்டிருந்த ஞானம் அம்மாள் திரும்பினாள். “தம்பி, இம்புட்டு வெயிலடிக்கிற ஊர்ல நான் துணிய எங்க கொண்டுபோய்க் காயப்போட? ஆத்துல தண்ணி இல்லேன்னா பரவாயில்ல. கொடி கட்ட இடம் இல்லாத வீடு எனக்கு வேணாம்.”

“தலைமை அலுவலகத்துல கேக்கணும் மேடம்.”

“கேளுங்க. இன்னும் எரநூறு துணி இருக்கு. நாங்க நிதானமா மடிக்கிறோம்.”

அவர் மணலிலேயே நின்று போன் செய்தார். முதலில் முடியாது என்றார்கள். ஐம்பது விரிப்பு கழித்து மறுபடி செய்தார். அப்போதுதான் விஷயம் கொஞ்சம் இளகியது. மொட்டை மாடியில் எல்லா வீட்டுக்கும் கொடிக்கம்பி, பால்கனிக்கு உள்பக்கம் ஒரு கம்பி என்று முடிவானது. கடைசி விரிப்பை மடித்து வண்டியில் ஏற்றியதும் மரியராஜ் ஷெரினைக் கூப்பிட்டு, “அந்த ஆறாவது மாடி வீட்டையே எழுதிக்கம்மா” என்றார். அன்று ஆற்றுக்குள் இறங்கித் துணி பொறுக்கியவர்களில் இன்னும் மூன்று குடும்பம் ஆவணி பிறந்ததும் வந்து பதிந்தது. ஷெரினின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

தை மாதம் மரியராஜ் அந்த ஆறாவது மாடி வீட்டுக்குக் குடிவந்தார். பாதர் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரித்துவிட்டுப் போன பிறகு, பட்டுச் சேலை கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அன்னக்கொடி வந்தாள். இருபது வருஷமாக ஆற்றில் நிற்பவள், ஆற்றை உயரத்திலிருந்து பார்த்ததில்லை. லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டாள். பால்கனிக்குப் போனதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரைக்குக் கரை பார்த்தாள்.

“என்னக்கா, பயமா இருக்கா?” என்றாள் ஷெரின்.

“எங்க எடம் எம்புட்டுப் பெருசு தாயி!” என்றாள் அன்னக்கொடி. கீழே நிற்கும்போது அது தெரிந்ததே இல்லை.

பிறகு கண்ணைச் சுருக்கினாள். மடியிலிருந்து போனை எடுத்தாள். கீழே, எறும்பளவு பேயாண்டி போனைக் காதில் வைப்பது தெரிந்தது.

“யோவ், வலப்பக்கம் நாலாவது துணி மடங்கிக் கெடக்கு பாரு. அதுக்கு அங்கிட்டு ஒண்ணு.”

பேயாண்டி சுற்றும் முற்றும் பார்த்தார். “ஏய், எங்கிட்டு இருந்துடி பாக்குற?”

அன்னக்கொடி ஞானம் அம்மாள் நீட்டிய காபியை வாங்கிக்கொண்டு, “அப்பிடியே அந்த ஆட்டையும் விரட்டு” என்றாள்.