செதிலோடு போக வேண்டிய கெண்டை

1

இந்தக் கதையை ஒரு தப்புக்காக எழுதுகிறேன். தப்பு செய்தவர் யார் என்று இப்போதே சொன்னால், திட்டிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள். அதனால் கடைசிக்கு ஒத்திவைக்கிறேன். கோழைத்தனம்தான், மறுக்கவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சுமத்ராவின் தோபா ஏரியின் மேல் காலைப் பனி மெல்ல விலக—’ அடித்துவிட்டேன். இருபது வருடமாக இந்தக் கரையில் குடியிருக்கிறேன், யாரும் நின்று பனியைப் பார்த்ததில்லை. அடுத்த தொடக்கம்: ‘பொனாருக்கு மீன் பிடிக்கத் தெரியாது.’ இது உண்மை. இதுவே இருக்கட்டும்.

2

பொனாருக்கு மீன் பிடிக்கத் தெரியாது. ஏரிக்கரையில் பிறந்தவர்தான். ஆனால் முப்பது வருடம் மேடான் நகரத்தில் பஸ் ஓட்டிவிட்டு ஐம்பத்தெட்டு வயதில் ஊர் திரும்பியவர். ஒரே மகள் லாம்ரியா. அவள் வீட்டை விட்டு ஓடித் தோகாரைக் கட்டிக்கொண்டபோது இவர் கல்யாணத்துக்கே போகவில்லை. இந்த ஏரிக்கரையின் பத்தாக் இனக் குடும்பங்களில் பெண் வீட்டார் கெண்டை மீன் சமைத்துக் கொண்டுபோய் மகள் முன்னால் வைத்தால்தான் ஆசி.* அந்த மீன் போகவில்லை. அதற்குப் பிறகு லாம்ரியாவுக்கு இரண்டு முறை கரு கலைந்தது. ஊர் அதை எப்படி முடிச்சுப் போட்டிருக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இப்போது ஏழாம் மாதம். ஏழாம் மாதத்துக்கும் பெண் வீட்டு மீன் போக வேண்டும். ‘சனிக்கிழமை விசேஷம். அப்பா வருவாரா?’ என்று அம்மாவிடம் கேட்டு அனுப்பியிருந்தாள்.

[சந்தையில் ஒரு மீனை வாங்கிக் கொடுத்தால் கதை இங்கேயே முடிந்துவிடும். முடியாததற்குக் காரணம், இந்தக் கரையில் விற்கிற கெண்டை அத்தனையும் மருமகன் தோகார் ஏரியில் கட்டியிருக்கும் மிதவைக் கூண்டுகளில் வளர்ந்தவை.]

“அவன் மீனை வாங்கி அவன் வீட்டுக்கே தூக்கிட்டுப் போவேனா? ஏரியில பிடிச்சுத்தான் குடுப்பேன்” என்றார் பொனார்.

“பிடிச்சீங்க” என்றாள் மனைவி ரோசிந்தா. “தொட்டியில விழுந்த சோப்பையே உங்களால பிடிக்க முடியல.”

* முழு மீன். தலை, வால், செதில் எதையும் எடுக்கக் கூடாது. செதிலோடுதான் மஞ்சள் பூசி வேக வைப்பார்கள்.

3

சொல்லிக்கொடுக்க வந்தவர் ரோசிந்தாவின் தம்பி ஜாவுலுங். பதினோரு நாள் பாடம். முதல் நாள் தூண்டில் முள் பொனாரின் சட்டைக் காலரில் மாட்டியது. இரண்டாம் நாள் தூண்டில் நரம்பு அறுந்தது.

“முடிச்சுல எச்சில் தொட்டு இறுக்குங்க மச்சான். காஞ்ச முடிச்சு நிக்காது.”

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன்டா நான்.”

“அதான் மீனுக்கும் பிரேக் போடறீங்க. தக்கை ஆடினதும் இழுக்காதீங்க. கெண்டை வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பும். தக்கை முங்கட்டும், அப்புறம் இழுங்க.”

பொனார் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இழுத்தார். (இந்த இடத்தில் ‘மகள் விஷயத்திலும் அவர் அப்படித்தான்’ என்று ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். உங்களுக்கே தெரியும்.)

பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை காலை, தக்கை முங்கியது. அவர் பொறுத்தார். இரண்டு கிலோ தேறும் கெண்டை. சட்டை நனைய அதைக் கட்டிக்கொண்டு சிரித்தார். ஜாவுலுங் சிரிக்கவில்லை, மீனின் வாலைப் பார்த்தார்.

“மச்சான், வால் ஓரம் தேஞ்சிருக்கு.”

“அதுக்கென்ன?”

“கூண்டு வலையில உரசினாத்தான் இப்படித் தேயும். தப்பிச்சு வந்த மீனு. தோகார் மீனு.”

ஜாவுலுங் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். இந்தக் கதையின் மூன்று வரைவுகளில் அவர் வாயை மூடிப் பார்த்தேன். ஆள் கேட்கவில்லை.

4

முடிவு ஒன்று: பொனார் மீனோடு போகிறார். லாம்ரியா அழுகிறாள். தோகார் நாற்காலி போடுகிறான். எழுதிவிட்டு நானே அழுதேன். பொய்.

முடிவு இரண்டு: மீனைத் திரும்ப ஏரியிலேயே விடுகிறார். அழகாக இருக்கிறது, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். அதுவும் பொய்.

நடந்தது இது. படித்துறைக்கு மேலே இருக்கும் முதல் வீட்டுக் கதவைத் தட்டினார். அது என் வீடு.

“இந்தா எழுத்தாளரே, நீ தின்னு. அந்தப் பய மீனை அவன் பொண்டாட்டிக்கே குடுத்து நான் ஆசீர்வாதம் பண்றதா?”

கையிலிருந்த தூண்டிலையும் என் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். ‘கொண்டு போய்க் கொடுங்க அண்ணே’ என்று நான் சொல்லியிருக்கலாம். ‘நன்றி’ என்று சொன்னேன்.

5

[அவர் வீட்டில் நடந்தது, ஜாவுலுங் பிறகு சொன்னது.] ரோசிந்தா கத்தவில்லை.

“கூண்டை விட்டு ஓடி வந்தது பிடிச்சவனுக்குத்தான் சொந்தம். நம்ம வீட்டை விட்டு ஓடினவ அப்படித்தானே அவனுக்குச் சொந்தமானா? போய் வாங்கிட்டு வாங்க.”

கல்யாணத்துக்கென்று வாங்கி ஏழு வருடமாகப் பெட்டியில் கிடந்த பெரிய தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பொனார் அதோடு என் வாசலுக்கு வந்தார். ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

செதில் விஷயம் எனக்குத் தெரியாததா? எத்தனை விசேஷங்களில் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் நான் மேடானில் பிறந்த தமிழன். மீன் வந்தால் என் கை அதன் பழக்கத்துக்குப் போகும். செதிலைச் சுரண்டி, தலையை வெட்டி, ஆறு துண்டு போட்டு, புளி கரைத்து ஊற்றியாகிவிட்டது.

அவர் தட்டைப் பிடித்தபடியே சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“வெந்துருச்சா?” என்றார்.

6

நான் ‘ஆமாம்’ என்றேன். அவர் தட்டை என் வாசற்படியில் வைத்தார். பிறகு—

இல்லை. எழுத மாட்டேன். மறுநாள் அவர் போனார் என்று எழுதினால் என்னை மன்னித்துவிடுவீர்கள். போகவில்லை என்று எழுதினால் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், அந்தப் பழியையும் ஊரைப் போல நீங்களும் முடிச்சுப் போடுவீர்கள். இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை. குழம்பு நன்றாக இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தட்டைக் கழுவி வைத்திருக்கிறேன். தூண்டில் சுவரில் சாய்ந்திருக்கிறது. உங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை மிச்சம் தருகிறேன். மீனை நீங்கள் பிடியுங்கள். தக்கை முங்கும்வரை இழுக்காதீர்கள். பிடித்தால், வாலைப் பார்க்காதீர்கள், செதிலைத் தொடாதீர்கள், என் வீட்டுப் பக்கம் மட்டும் வராதீர்கள்.