கடுகு தடவிய ரொட்டி

விடியுமுன்னே நிலவறைக்குள் இறங்கினால் பொழுது சாயும்வரை வெயிலைப் பார்க்க முடியாது. அமெரிக்காவின் தாம்பா நகரில் இருந்த அந்தச் சுருட்டு ஆலையில் எலீகியாவுக்கு ஈரப் புகையிலையின் நடு நரம்பை ஒரே இழுப்பில் உரிக்கும் வேலை. நகமெல்லாம் மஞ்சள், எச்சில்கூடக் கசக்கும். மேல்தளத்தில் ஆண்கள் சுருட்டு உருட்டுவார்கள். அலுப்புத் தெரியாமலிருக்க, அதற்கென்றே அமர்த்திய வாசிப்பவர் மேடையேறி அவர்களுக்குச் செய்தித்தாள் படிப்பார். கீழே வந்து சேர்வது அரையும் குறையுமான குரல்தான்.

முதலாளி தோன் பெர்மீன், "எண்ணெக் கை பட்டா எலை கெட்டுப்போகும்" என்று சொல்லி வெளிச்சாப்பாட்டைத் தடுத்துவிட்டார். ஆலைக்குள்ளேயே அவருடைய மச்சானின் கடை. அவன் பன்றிக்கறியை ரொட்டிக்குள் திணித்து, அரைத்த கடுகை அப்பி, சுடு இரும்பால் அழுத்தித் தருவான். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கூலியில் பிடித்தம்.

"எதுக்குடி இத்தன கடுகு?" என்றாள் பக்கத்தில் இருந்த சிசிலிக்காரி நுன்சியா.

"பொணத்துக்குப் பூ எதுக்குப் போடுறாங்க?" என்றாள் எலீகியா.

சிரித்துக்கொண்டே தின்ற நுன்சியா, சற்று நேரத்தில் உரித்த இலைக்குவியல் மேலேயே குடம் குடமாய் வாந்தியெடுத்தாள்.

தோன் பெர்மீன் இறங்கி வந்தார். "ஒரு கட்டு எலை நாசம்! கெளம்பு, இனி இந்தப் பக்கம் வராத."

"உங்க கடை ரொட்டிதான் மொதலாளி..."

"வீட்ல எந்தக் கழிசடையத் தின்னியோ!"

எலீகியா தன் ரொட்டியைப் பிளந்தாள். கடுகுக்கு அடியில் கறியின் ஓரம் பச்சை பூத்திருந்தது. பிரித்த இடத்தில் நூல் நூலாய்க் கோழை. வாசனைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தி நின்ற முதலாளியின் முகத்துக்கு நேரே அதை நீட்டினாள்.

"ஒரு கடி கடிங்க மொதலாளி. பல்லே வேணாம், தானா வழுக்கிட்டுப் போகும்."

"உனக்கு வேல வேணுமா வேணாமா?"

"மூக்கப் பொத்திக்கிட்டுக் கேக்குறீங்களே, அப்புறம் நான் என்ன சொல்ல?"

நுன்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேல்தளத்துக்குப் படியேறினாள். நிலவறைப் பெண்கள் அதுவரை மிதித்திராத படி அது. ரொட்டியும் கையுமாய் அத்தனை பேரும் பின்னால் வந்தார்கள். மேலே வாசிப்பு நின்றது.

பிளந்த ரொட்டியை உயர்த்திக் காட்டினாள். "இதத் தின்னு வாந்தியெடுத்ததுக்கு இவளுக்கு வேல போச்சு. நீங்க எப்படி முழுங்குறீங்க?"

"நாங்க மானத்தையும் சேத்து முழுங்கிட்டு உக்காந்திருக்கோம் தாயி" என்றார் ரமீரோ என்கிற கிழட்டு ஸ்பானியர். இலை வெட்டும் கத்தியைத் திருப்பிப் பலகையில் ஓங்கித் தட்டினார். பக்கத்துக் கத்தி தட்டியது. அப்புறம் கூடமே அதிர்ந்தது.

உச்சிவேளையில் வேலையை நிறுத்திவிட்டு எல்லாரும் தெருவில் இருந்தார்கள். உள்ளிருந்து வாயிற்கதவைப் பூட்டிக்கொண்டார் முதலாளி. எதிரே இருந்த தன் வீட்டு வாசல் ஆணியில் காலையில் ரொட்டிக்காரன் குத்திவிட்டுப் போன நீள ரொட்டியை எலீகியா எடுத்துவந்தாள். அதன் முதுகில், சுடும்போது வைத்த பனையோலையின் தடம். அவள் வீட்டு வறுத்த பன்றிக்கறி, ரமீரோ கொண்டுவந்த உப்பிட்ட பன்றித்தொடை, நுன்சியா வீட்டுக் காரக் கறித்துண்டு எல்லாம் அதற்குள் போயின. நுன்சியா மட்டும் வெறும் ரொட்டி முனையைக் கொறித்தாள்.

"நாளைக்கும் கதவு தெறக்கலேன்னா?" என்றாள்.

"நாளைக்கும் இங்கதான் திம்போம். உன்ன உள்ள விடாம ஒருத்தரும் போறதா இல்ல" என்றபடி எலீகியா ரொட்டியை அறுத்தாள்.

ரமீரோ கடுகுக் கிண்ணத்தை நீட்டத் தயங்கினார்.

"தடவுங்க பெரியவரே," என்றாள் எலீகியா. "இதுல மறைக்க ஒண்ணுமில்ல."