மேல்கோடி மரத்துக் கல்பாசி

பேர் என்னவோ கல்பாசி. வளர்வதோ மரப்பட்டையில். சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடக்கும் அதை மசாலாவில் போட்டு மணக்க மணக்கச் சாப்பிடுகிறவர்கள், அது எந்த மலையிலிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்பதில்லை. தூனாகோட் ஊர்ப் பெண்களைக் கேட்டால் பட்டென்று பதில் வரும், எங்கள் ஓக் காட்டிலிருந்துதான் என்று. இமயத்தின் குமாவுன் மலையில் எத்தனையோ ஓக் காடுகள் இருக்கின்றன. அதெல்லாம் அவர்களுக்குக் கணக்கே இல்லை.

அந்தக் காட்டைத்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊரே கூடி, மலைத் தெய்வமான கோகிலா தேவிக்குக் கொடுத்துவிட்டது. வீட்டுக்கு ஒரு பிடி அரிசியை எல்லையில் போட்டு, மணியடித்துக் கும்பிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் சொன்ன ஐந்து வருஷக் கெடு தீரும் வரை ஒரு இலை கிள்ளக் கூடாது, உள்ளே காலும் வைக்கக் கூடாது. வனக் காவலருக்குத் தண்ணி காட்டுகிற ஆட்கள்கூடத் தேவியிடம் வாலாட்ட மாட்டார்கள்.

இந்த யோசனையைச் சொன்னதே பாகீரதி ரௌதேலாதான். அந்த ஊர்ப் பெண். அப்போதுதான் அல்மோராவில் லைக்கன் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாள். கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து, ஒன்று கூரை போட, மற்றொன்று சமைக்க, இரண்டும் ஓர் உடம்பாக நடத்தும் குடித்தனம் அது. காட்டின் மேல்கோடியில் நிற்கும் கிழட்டு ஓக் மரத்தில் அவள் ஒரு கல்பாசியைப் பார்த்தாள். ஒரு துண்டைக் கொண்டுபோய் மரபணுவைப் பார்த்தபோது, தெரிந்த எந்த இனத்தோடும் அது ஒட்டவில்லை. சாக்குச் சாக்காகச் சுரண்டி விற்கிற ஊரில் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "காட்டைத் தேவிக்குக் குடுத்துடுங்க" என்று முழங்கினாள். முதல் பிடி அரிசியையும் அவளே போட்டாள்.

மறுமாதம் இன்னொரு துண்டு எடுக்கலாமென்று பையோடு கிளம்பினாள். பெண்கள் சங்கத் தலைவி சருலி எல்லையிலேயே மறித்தாள். சருலி வேறு யாருமில்லை, பாகீரதியின் சொந்த அண்ணி.

"எங்க கெளம்பிட்ட?"

"ஒரே ஒரு துண்டு அண்ணி. ஆராய்ச்சிக்கு."

"ஓ, ஆராய்ச்சிக்கு மட்டும் விலக்குன்னு தேவிகிட்ட தனியா வேண்டிக்கிட்டியா? மொத அரிசி போட்டது யாரு, நானா?"

பாகீரதிக்கு அப்போதுதான் உறைத்தது. பூட்டியவளே வெளியே நிற்கிறாள். வந்த வழியே திரும்பினாள். அன்று தொடங்கிய கேலி ஐந்து வருஷமும் ஓயவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் டீ தம்ளரை நீட்டிக்கொண்டே சருலி கேட்பாள், "மரம் சௌக்கியமாம்மா?"

கேலியைத் தாங்கலாம். லோஹனி சாரைத் தாங்குவதுதான் கஷ்டம். அவளுடைய வழிகாட்டி அவர். லைக்கன் வகைப்பாட்டில் அவர் தலையசைக்காமல் மலைப்பக்கத்தில் எந்தப் புது இனமும் அச்சேறாது.

"ஒரு துண்டு. அதுவும் மலடு," என்பார். "கிண்ணம் இல்லாத லைக்கனை வச்சுக்கிட்டு என்ன பேரு வைக்கப் போற? பழைய இனமேதான் இது. சவலையா வளந்திருக்கு."

கிண்ணம் என்று அவர் சொல்வது லைக்கனின் காய். பொட்டு அளவில் பழுப்பாக முளைக்கும். விதைத்தூள் அதற்குள்தான் இருக்கும். பழைய இனத்தின் கிண்ணத்துக்கு நடுவில் ஓட்டை உண்டு. தன்னுடையதில் அது இருக்காது என்று பாகீரதி அடித்துச் சொன்னாள். பார்க்காததை எப்படிச் சொல்கிறாய் என்று அவர் திருப்பிக் கேட்பார். சுற்றுவட்டாரத்துக் காடெல்லாம் ஏறி இறங்கிவிட்டாள். கிண்ணத்தோடு அந்த இனம் எங்கும் கண்ணில் படவே இல்லை.

கூடப் படித்த தீபா கேட்டாள், "நகத்தளவு கிள்ளிட்டு வந்தா யாருக்குடி தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல."

"பட்டம் கையை விட்டுப் போகும்."

"போகட்டும். நான் போட்ட அரிசி அது."

திமிர் என்றால் திமிர்தான். ரௌதேலா வீட்டில் அதற்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. கதை சொல்கிற எனக்கும் அந்தத் திமிர் பிடிக்கும். விட்டுக்கொடுத்துச் சாமர்த்தியமாகப் பிழைக்கிறவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

கெடு தீர்ந்து காடு திறக்கிற நாளும் வந்தது. தேவிக்குப் பூஜை போட்டு, பூரியும் அல்வாவும் கைக்குக் கை மாறின. கல்பாசிக்கு அந்த வருஷம் நல்ல விலை. பெண்கள் இடுப்பில் அரிவாளும் தோளில் சாக்குமாக எல்லையில் நெருக்கியடித்து நின்றார்கள். லோஹனி சாரும் வந்திருந்தார், கழுத்தில் லென்ஸைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஏறி வந்த ஏற்றத்துக்கு மூச்சிரைத்தபடி. ஐந்து வருஷமாகத் தன் மாணவி கட்டிக்கொண்டு அழுத மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு இந்தப் பேச்சுக்கு முடிவு கட்டலாம் என்று நினைத்திருப்பார்.

பாகீரதிக்கு ஒன்றுதான் பயம். இத்தனை சாக்குகளுக்கு முன்னால் அவள் அந்த மரத்தை அடைய வேண்டும். ஆனால் காவல் காத்த சங்கத்துப் பெண்கள் போன பிறகுதான் மற்றவர்கள் போகலாம், ஊர் வழக்கம் அப்படி. சருலியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அண்ணி, அந்த மேல்கோடி மரம்..."

"அஞ்சு வருஷமா காவல் காத்தது நாங்க. இன்னிக்கும் எது என் மரம் உன் மரம்னு பங்கு பிரிக்க வந்துட்டியா? வரிசையில நில்லு."

கெஞ்சினால் சருலி இரங்கியிருக்கலாம். பாகீரதிக்குக் கெஞ்ச வரவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

மணியடித்ததும் பெண்கள் உள்ளே பாய்ந்தார்கள். கடைசியில் இவள் முறை வந்தபோது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். வழியெல்லாம் மரத்துக்கு மரம் அரிவாள் சுரண்டும் சத்தம். கல்பாசி அப்படிக் கொழுத்திருந்தது. பிறந்ததிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததில்லை. வேறு நாளாயிருந்தால் நின்று ரசித்திருப்பாள். அன்று ஒவ்வொரு சத்தத்துக்கும் வேகத்தைக் கூட்டினாள். மேலே யாரோ சிரிக்கிற குரல் கேட்டது. போச்சு, மேல்கோடியையும் விடவில்லை என்று நினைத்துக்கொண்டே கடைசி ஏற்றத்தில் கையூன்றி ஏறினாள்.

கிழட்டு ஓக் அப்படியே நின்றது. அதன் வேரில் சருலி, அரிவாளை மடியில் குறுக்கே வைத்து, சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாக்கு மடித்தபடி கிடந்தது. கொஞ்சம் தள்ளி நின்ற இரண்டு பெண்களை அவள் கண்ணாலேயே விரட்டிக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ நேரமா ஏறி வர? இந்தப் பொம்பளைங்கள மறிச்சு மறிச்சு என் தொண்டை கட்டிடுச்சு. இன்னிக்கு என் சாக்கு காலி, தெரியுமா? உங்கண்ணன் கேட்டா நீயே பதில் சொல்லிக்கோ."

"நீங்கதான வரிசையில நில்லுன்னு..."

"பின்ன? நாத்தனாருக்கு மட்டும் தனிச் சட்டமான்னு ஊரு என்னைக் கேக்காது? எந்த மரம்னு எனக்குத் தெரியாதா என்ன. லீவு லீவுக்கு வந்து இதையே பாடி என் காதைத் துளைச்சவ நீதான?"

பாகீரதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. காட்டிக்கொள்ளாமல் மரத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

கிண்ணங்கள்! ஒன்றிரண்டு இல்லை, பட்டை நெடுக. பழுப்புப் பழுப்பாக, குண்டு குண்டாக, ஒன்றின் நடுவிலும் ஓட்டை இல்லை. விளிம்பைச் சுற்றிக் கருப்பாக மெல்லிய மயிர், கண்ணிமை மாதிரி. இனத்தைச் சோதிக்க, காலையில் புதிதாகத் திறந்த பிளீச்சிங் புட்டியிலிருந்து ஒரு சொட்டை, கீறிவிட்ட வெள்ளைச் சதையில் வைத்தாள். ரத்தச் சிவப்பாக மாறியது. பழைய இனத்தில் நிறம் மாறாது. அதையும் அவள் ஐந்து வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தாள்.

லோஹனி சார் ஒருவழியாக வந்து சேர்ந்தார். லென்ஸைக் கண்ணில் வைத்து மூக்கு பட்டையில் உரசக் குனிந்தார். ஒவ்வொரு கிண்ணமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். நிமிர்ந்து, "இது பழைய இனம் இல்ல," என்றார். அப்புறம் தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "காய்க்கிறதுக்கு முன்னாடியே சுரண்டிடறாங்க. எந்தக் காட்டுலயும் இது காய்க்கிற வயசுக்கு வந்ததே இல்ல. நான் பாத்த மலடெல்லாம் குழந்தைங்க போல," என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை அந்தத் துறையில் யாரும் கேட்டதில்லை. பாகீரதிக்குத் தலை ஓர் அடி உயர்ந்துபோனது. அவளைத் திருப்பி அனுப்பிய அந்த எல்லைதான் அவளுக்கு இந்தக் காயைக் கொடுத்திருந்தது.

சருலி எழுந்து பட்டையைத் தடவிப் பார்த்தாள். "அப்போ இது விதைக்கு நிக்கிற மரம்," என்றாள். "இதையும் சுரண்டிட்டா கீழ்க்காட்டுக்கு எங்கேர்ந்து பரவும்? மேல்கோடிய மட்டும் மறுபடி தேவிக்கே குடுத்துடலாம். என்னங்கடி சொல்றீங்க?"

சாக்கை இறக்கிவிட்டு வந்த பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி முனகினாள். இன்னொருத்தி, கீழே கிடைப்பதைத் தூக்கவே நம்மால் முடியவில்லையே என்றாள். பூஜைத் தட்டிலிருந்து அரிசியும் மணியும் மேலே வந்தன.

சருலி நாத்தனாரைப் பார்த்தாள். "வேண்டியத இப்பவே எடுத்துக்கோ. இந்தத் தடவையும் ஆராய்ச்சிக்கு விலக்கு கெடையாது."

பாகீரதி கத்தியை எடுத்தாள். உள்ளங்கையளவு, கிண்ணத்தோடு ஒரு துண்டு. காகித உறையில் போட்டு மடித்தாள். பிறகு யாரும் கேட்காமலே தட்டிலிருந்து முதல் பிடி அரிசியை அள்ளி, மேல்கோடியின் எல்லைக்கு இறங்கிவந்து போட்டாள். மணி கணீரென்று மலை முழுக்கக் கேட்டது.

மரத்தின் மறுபக்கத்தில் இருந்த லோஹனி சாருக்கு இது ஒன்றும் தெரியாது. "பாகீரதி, இங்க இன்னும் பெரிய கிண்ணமா இருக்கு! கத்திய எடுத்துட்டு வா. ஒரு அஞ்சாறு துண்டாவது வேணும்."

பாகீரதி கத்தியை மடக்கி இடுப்பில் செருகினாள். அவள் குரலில் சந்தேகம் துளியும் இல்லை.

"வெளிய வாங்க சார். காடு பூட்டியாச்சு."