இருபத்திரண்டாம் வரிசை

மே மாத நண்பகலில், கடப்பாக்கத்துக் கடலோரப் பயறு வயலில், பூக்கள் உதிரும் சத்தம் ஹெலனுக்குக் கேட்டது. கேட்டதுபோல்தான் இருந்தது.

ஹெலன் பயிர் ஆராய்ச்சியாளர். செங்கல்பட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். நாற்பது வகைப் பச்சைப்பயறை வகைக்கொரு வரிசையாக விதைத்திருந்தாள். எது இந்த வெயிலிலும் பூவை விடாமல் காய் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். காலையில் மஞ்சளாய் விரிந்தவை மத்தியானத்துக்குள் கொட்டிவிடும். தினமும் அவற்றைப் பொறுக்கிப் பொறுக்கி எண்ணியதில், கண்ணை மூடினாலும் மஞ்சளாக ஏதோ மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது.

அன்று பனைமர நிழலில் கண்ணயர்ந்துவிட்டாள். விழித்தபோது கடற்காற்று வந்திருந்தது. கானலில் வயல் நீருக்கடியில் கிடப்பதுபோல் அசைந்தது. அந்த அசைவுக்குள் இருபத்திரண்டாம் வரிசை மட்டும் கொத்துக்கொத்தாய்ப் பிஞ்சோடு நின்றது. போய்த் தொட்டுப் பார்த்தாள். கனவில்லை.

“அக்கா, கெடைச்சிருச்சு!”

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் செங்கம்மாள் மண்வெட்டியோடு வந்தாள். ஹெலனின் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று தலை குனிந்துகொண்டாள்.

“மேடம், அதுக்கு நான் தண்ணி ஊத்திகினு இருந்தேன். தெனம் ரெண்டு சொம்பு.”

“ஏன்க்கா?”

“தலைய தொங்கப் போட்டுகினு இருந்துச்சு. பாக்க முடியல. தப்பா பூட்ச்சா?”

எல்லா வரிசைக்கும் ஒரே அளவு தண்ணீர் என்பதுதான் அந்தச் சோதனைக்கு உயிர். ஹெலனுக்குக் கோபம் வந்தது. ஆனால் அதே செடிகளின் முன்னால் தானும் எத்தனையோ முறை பாட்டிலைத் திறந்து, மனசில்லாமல் மூடியது நினைவுக்கு வந்தது.

“சொன்னியே, அது போதும்க்கா. அடுத்த கோடைக்குத் திரும்பப் போடுவோம்.”

அடுத்த கோடை இன்னும் கொதித்தது. இருபத்திரண்டு மற்றவற்றைப் போலவே பூவைக் கொட்டியது. புதிதாகச் சேர்த்த ஆறு வகைகளில் ஒன்று குட்டையாக, இலை சுருண்டு, பார்வைக்கே பிடிக்காமல் இருந்தது. ஒரு நாள் அதன் இலைகளை விலக்கிய ஹெலன் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடியில் கறுத்து முற்றிய காய்கள்.

“இதுக்கும் ஊத்துனியாக்கா?”

“சத்தியமா இல்ல மேடம். இத நான் திரும்பிக்கூடப் பாக்கல.”

ஹெலன் ஒரு காயை உடைத்தாள். உள்ளங்கையில் பத்துப் பச்சை மணிகள், வெயில் சூடு ஆறாமல். ஒன்றைச் செங்கம்மாளிடம் நீட்டினாள். விதை என்று சொல்வதற்குள் அவள் அதை வாயில் போட்டுக்கொண்டாள்.

“நல்லாத்தான் கீது,” என்றாள், மென்றபடியே.