டிங்கரின் எழுபத்திரண்டு கிலோ

இனி வருவதில் ஒரு சொல்கூடக் கூட்டியோ குறைத்தோ சொல்லப்படவில்லை. எந்தப் புத்தகத்தின் மேல் வேண்டுமானாலும் கையடித்துச் சத்தியம் செய்யலாம்.

டிங்கரை அடக்கம் செய்யவேண்டிய காலையில் அவர் மனைவி, சமையலறையை ஒட்டிய ஷெட்டில், ஸ்போர்ட்ஸ் காரின் முன்பக்கத்துக்குள் இடுப்புவரை தலைகீழாகக் கிடந்து போல்ட் கழற்றிக்கொண்டிருந்தாள். சங்கிலிக் கப்பியைப் பிடித்தபடி அவள் தம்பி நின்றான்.

"அக்கா, மாமா உள்ள பெட்டியில இருக்காரு. ஆளுங்க வர்ற நேரம். இது இப்ப தேவையா?"

"பேசாம ஸ்பானரைக் குடுடா."

எல்லாம் பெயிண்டர் செய்த வேலை. டிங்கரின் பட்டறைக் கூட்டாளியான அவர் முந்தின நாள் வந்து, "அண்ணி, அடக்கத்துக்குப் போற வழியில எடை மேடை இருக்கு, வண்டியை ஏத்திடுவோம். அறுநூறு கிலோவுக்குக் கீழ கொண்டுவந்துட்டேன்னு அண்ணன் சொன்னப்ப கார் கிளப்புல சிரிச்சானுங்கல்ல? அத்தனை பேரையும் வரச் சொல்லிட்டேன். மூஞ்சில கரி பூசிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

பதினைந்து வருடமாக டிங்கர் அந்தக் காரை இளைக்க வைத்தார். இரும்புக் கதவு போய் ஃபைபர் கதவு வந்தது; கண்ணாடி போய் அக்ரிலிக் வந்தது. கூரையில் குருவி உட்கார்ந்தால் பாரம் என்று விரட்டுவார். பானெட் எவ்வளவு லேசென்றால், ஒருநாள் காற்றில் பறந்து மூன்றாவது தெருவில் துணிக்கொடியில் போய்த் தொங்கியது. அந்த வீட்டுக்காரி அதற்கும் இரண்டு கிளிப் போட்டு வைத்திருந்தாள்.

எடை பார்க்க அவரிடம் இருந்தது வீட்டில் ஆள் ஏறி நிற்கிற எடை மெஷின். பேனலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நிற்பார். முள் காட்டியதில் தன் எடை எழுபத்திரண்டைக் கழிப்பார். அந்த எழுபத்திரண்டு, கல்யாணத்தன்று பார்த்தது. நோய் வந்தபின் டிங்கர் இளைத்தார். கழித்தலில் மட்டும் இளைக்கவே இல்லை. ஆகவே, கை வைக்காமலே கதவு குறைந்தது. டிக்கி மூடி குறைந்தது.

கடைசிச் செவ்வாய்க்கிழமை, பானெட்டோடு ஏறி நின்றபோது குனிந்து முள்ளைப் பார்க்க அவரால் முடியவில்லை.

"என்ன காட்டுது?"

"அறுபத்தொண்ணு."

"அப்ப பானெட் மைனஸ் பதினொண்ணா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "ஆமாங்க. மைனஸ் பதினொண்ணு."

"பாத்தியா! அதான் அன்னைக்குப் பறந்துருக்கு!"

புதன்கிழமை விடிகாலையில், அந்தச் சந்தோஷம் குறையாமல் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் எடை மேடைக்குக் கழித்தல் தெரியாது. மனிதரைப் போகிற வழியில் பொய்யராக்கிவிடும். வெளியே எதைக் கழற்றினாலும் பெயிண்டர் கண்ணில் பட்டுவிடும். அதனால்தான் அவள் உள்ளே இறங்கினாள்.

பெட்டியைத் தோளுக்குத் தூக்கிய நால்வரும் பாரமாக இருக்குமென்று தம் கட்டியதில், அது தலைக்கு மேலே போய்விட்டது. "அண்ணன் ரொம்ப லேசுப்பா" என்றார் ஒருவர். அவள் அவசரமாகக் காரில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"துக்கத்துக்குப் போறப்ப உறுமிக்கிட்டுப் போகவேணாம். பெட்டிக்குப் பின்னாடி காரைத் தள்ளிக்கிட்டே வாங்க" என்றாள்.

கிளப் ஆட்கள் எட்டுப் பேர் மரியாதையாகத் தள்ளினார்கள். பத்தடியில் ஆறு பேர் கையை எடுத்துவிட்டார்கள். எதிரே வந்த லாரி கிளப்பிய காற்றில் கார் தானாகவே ஓரம் ஒதுங்கி வழிவிட்டது.

எடை மேடைக்காரர் இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐநூத்தி நாப்பத்தி ரெண்டு."

அன்று கிளப்பில் அதிகமாகச் சிரித்தவர் தொப்பியைக் கழற்றினார்.

"அண்ணன் அடக்கிச் சொல்லியிருக்காரு அண்ணி!" பெயிண்டர் அழுதுகொண்டே சிரித்தார்.

"அவருக்குப் பெருமையடிக்கத் தெரியாது" என்றாள் அவள். தம்பிக்கு இருமல் வந்தது.

அடக்கம் முடிந்து எல்லாரும் வீடு திரும்பி, சமையலறையில் பூப்போட்ட விரிப்பு விரித்த குட்டை மேசையைச் சுற்றி நின்று டீ குடித்தார்கள். இடம் பண்ணலாமென்று பெயிண்டர் அதை இடுப்பால் தள்ளிப் பார்த்தார்.

"அசையலையே அண்ணி! புதுசா?"

"அவரோடதுதான்." அவள் விரிப்பின் ஓரத்தைத் தரைவரை இழுத்துவிட்டாள். "அது ஒண்ணுதான் கொஞ்சம் கனம்."

விரிப்புக்குக் கீழே இருந்தது, காரின் இன்ஜின்.