சத்தம் நின்ற இடம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கலையரசன் தான் செய்த பெடலை மறுபடி மேசைமேல் எடுத்து வைத்தான். பிஸ்கட் டின்னுக்குள் ஒரு சின்னப் பலகை, ஏழெட்டு உதிரிகள், ஒன்பது வோல்ட் பேட்டரி, காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். கிட்டாரின் மெல்லிய நாதத்தை வாங்கி உறுமலாக்கித் தர வேண்டிய பெட்டி அது. இன்டர்நெட்டில் பார்த்த படத்தை வைத்து மூன்று வாரம் உட்கார்ந்து செய்திருந்தான். சுவிட்சை மிதித்தால் உறுமல் வரவில்லை. இருந்த சத்தமும் போய்விட்டது.

"விட்டுடலாம் வினோ. சனிக்கிழமை வெறும் கிட்டாரே வாசிச்சிட்டு வந்துடறேன்."

சனிக்கிழமைதோறும் செங்கம் ரோட்டில் ஒரு கஃபேயில் வாசிப்பான். மற்ற நாட்களில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை.

அவன் மனைவி வினோதினி டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கலெக்டர் ஆபீசில் மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அவளுக்கு. அதற்கு முன்பு பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் எலக்ட்ரானிக்ஸ் படித்து முதல் வகுப்பில் தேறியிருந்தாள். தேறியதோடு சரி. சிக்னல் என்பது அவளைப் பொறுத்தவரை நோட்டில் இடமிருந்து வலமாகப் போட வேண்டிய ஓர் அம்புக்குறி. போட்டால் மார்க் உண்டு.

"எது வரைக்கும் வருது, எங்க நிக்குதுன்னு பாக்கலாங்க," என்றாள்.

ஒரு வயரின் நுனியில் சின்னக் கெபாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்து, மறுநுனியை அவன் கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் செருகினாள். இன்னொரு வயரால் டின்னையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைத்தாள். கெபாசிட்டரின் கால் எங்கே படுகிறதோ, அங்கே ஓடுகிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்கும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

வேலை செய்கிறதா என்று பார்க்க அதை விரலால் தொட்டாள். ஸ்பீக்கர் 'ம்ம்ம்ம்' என்று முனகியது. விரலை எடுத்தாள், நின்றது. மறுபடி வைத்தாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த மாமியார் ஜோதியம்மாள், கட்டிலில் படுத்திருந்தவர், எழுந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா சத்தம் அது?"

"நான்தான் அத்தை. சுவத்துக்குள்ள ஓடற கரண்டு காத்துல கொஞ்சம் பரவி நிக்கும். நம்ம உடம்பு அதை வாங்குது."

"இப்பக் கூடவா?"

"எப்பவும்."

ஜோதியம்மாள் வந்து தன் விரலை வைத்தார். அதே முனகல், சற்றுக் கம்மியாக. அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"வாசிங்க," என்றாள் வினோதினி. கலையரசன் ஒரே தந்தியை விடாமல் மீட்டினான். அவள் அந்தக் கெபாசிட்டரின் காலால் கிட்டார் வயர் நுழையும் இடத்தைத் தொட்டாள். கேட்டது. முதல் கெபாசிட்டருக்கு அப்பால் தொட்டாள். அங்கேயும் கேட்டது. மூன்று கால் டிரான்சிஸ்டரின் நடுக்காலுக்கு வந்தாள். மெலிசாக, ஆனால் தெளிவாக இருந்தது. அடுத்த காலுக்குக் கலெக்டர் என்று பெயர். அங்கேதான் சத்தம் பல மடங்காகப் பெருக வேண்டும். கொசு ரீங்காரம் போல ஏதோ வந்தது.

வோல்ட் மீட்டரை எடுத்து அதே காலில் வைத்தாள். நாலரை வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதுக்குக் கிட்டே காட்டியது. டிரான்சிஸ்டர்மேல் இருந்த நம்பரைப் போனில் தேடினாள்.

"படத்துல இருக்கறது வேற டிரான்சிஸ்டர், நீங்க வாங்கினது வேற. ரெண்டுக்கும் ஓரக்கால் இடம் மாறும். தலைகீழா நின்னுட்டிருக்குது, பாவம்."

கழற்றித் திருப்பி வைத்துப் பற்றவைத்தாள். மீட்டர் நாலரைக்கு இறங்கியது. "வாசிங்க."

நடுக்காலைத் தொட்டாள், அதே மெல்லிய நாதம். ஒரு நெல்லளவு தள்ளிக் கலெக்டரைத் தொட்டாள்.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வினோதினி கையை எடுக்க மறந்துபோனாள். மிளகளவுகூட இல்லாத அந்தக் கறுப்புப் பொருளின் ஒரு பக்கம் நூலிழை போல நுழைந்த சத்தம், மறுபக்கம் இப்படி வெளியே வருகிறது. எத்தனை பரீட்சையில் எழுதியிருப்பாள், 'சிக்னல் பெருக்கப்படுகிறது' என்று. எழுதிய கைதான் இது.

மூடியைப் போட்டுத் திருகினான் கலையரசன். சுவிட்சை மிதித்தான். நிசப்தம்.

"சரியாத்தானே இருந்துச்சு," என்றான் முகம் வாடி.

"மூடினப்புறம்தானே போச்சு?" அவள் மூடியைக் கழற்றினாள். சத்தம் வந்தது. மூடியை அழுத்தினாள், போனது. டின்னைச் சாய்த்துப் பார்த்தாள். சத்தம் வெளியேறும் ஜாக்கின் தகட்டுமுனை, மூடி அழுந்தும்போது வளைந்து டின்னின் சுவரில் பட்டது. பட்டதும் சத்தம் முழுவதும் டின்னுக்குள் இறங்கிவிடும். இன்சுலேஷன் டேப் ஒரு விரல்நீளம் வெட்டி ஒட்டினாள்.

இந்த முறை மூடியபின் அவன் வாசித்தது, அவளுக்குத் தெரிந்த அவன் வாசிப்பாகவே இல்லை. ஒரு ஸ்வரம் எழுந்து, அகன்று, தேயாமல் நெடுநேரம் நின்றது. ஜோதியம்மாள் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, அதன் அதிர்வை வாங்கிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு அவன் டீ போட உள்ளே போனான். திரும்பி வந்தபோது பெட்டி மறுபடி திறந்து கிடந்தது. ஜோதியம்மாள் கிட்டாரை மடியில் படுக்கவைத்து ஒற்றை விரலால் தந்தியைச் சுண்டிக்கொண்டிருக்க, வினோதினி பலகைமேல் குனிந்திருந்தாள்.

"அதான் சரியாயிடுச்சே. இன்னும் இன்னா பண்றீங்க ரெண்டு பேரும்?"

"ஒண்ணும் பண்ணலைங்க," என்றாள் வினோதினி, நிமிராமல். "கேக்கறோம்."